சாட்சிக் கையெழுத்து

மாசி பிறந்தால் வேப்பனப்பள்ளிப் பக்கத்து மாந்தோப்புக்காரர்களுக்குத் தலைகால் புரியாது. மரம் பூத்துக் குலுங்கும். கிருஷ்ணகிரியிலிருந்து வியாபாரிகள் பஸ் பிடித்து வந்து, பூவைப் பார்த்தே அந்த வருஷத்துக் குத்தகையைப் பேசி முடிப்பார்கள். 1968-ஆம் வருஷத்து மாசியில் திம்மராயனின் தோப்புக்கும் முனீர் அகமது வந்தார். பத்து வருஷத்துக்கு மேலாக அந்தத் தோப்பை எடுக்கிறவர் அவர்தான். வழக்கம்போல மரத்துக்கு மரம் நின்று, கிளையை வளைத்துப் பூவை உதறிப் பார்த்தார். ஆனால் நடு வரப்பைத் தாண்டித் தெற்குப் பாதிக்கு மட்டும் அவர் போகவில்லை.

“அந்தப் பக்கம் பாக்கலியா பாய்?” என்று கேட்டார் திம்மராயன்.

“அது உன் தம்பி பங்கு. அந்தப் பொம்பள வந்து சொன்னாத்தான் அதுல கால் வைப்பேன்.”

“எந்தப் பொம்பள?”

“என்னப்பா கேள்வி இது? சென்னப்பன் சம்சாரம் செல்லிதான்.”

திம்மராயனுக்குச் சுருக்கென்றது. “ஐயரு வரல, அக்கினி வளக்கல. நாலு பேரு மைக்கு புடிச்சுப் பேசினா அது கல்யாணம் ஆயிருமா? அவ எப்புடி சம்சாரம் ஆவா?”

“பேப்பர் பாக்கறதில்லயா நீ? புது சர்க்காரு சட்டம் போட்டு போன மாசமே அமுலுக்கு வந்துட்டுது. சுயமரியாதைக் கல்யாணமும் கல்யாணம்தானாம். இனிமே நடக்கறது மட்டுமில்ல, முந்தி நடந்ததும் செல்லும்னு போட்டிருக்கு. வம்புல இருக்கற மரத்துல நான் காய் பறிக்க மாட்டேன்பா. தீத்துகினு சொல்லியனுப்பு.”

முனீர் அகமது தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். திம்மராயன் பூத்த மரத்தடியில் தனியாக நின்றார்.

திம்மராயனைக் கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. யார் வீட்டு மாடு கிணற்றில் விழுந்தாலும் கயிற்றோடு முதலில் ஓடுகிறவர் அவர்தான். தம்பி சென்னப்பன் கட்சி கட்சி என்று அலைந்தவன். கொடி கட்டப் போவான், சுவரில் எழுதப் போவான், கூட்டம் என்றால் ஓசூர் வரைக்கும் சைக்கிள் மிதிப்பான். தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவது மட்டும் அண்ணன் தலையில் விழும். அந்தத் தம்பிக்குத் தன் கட்சி ஜெயிப்பதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. தேர்தலுக்கு ஏழு மாசம் இருக்கும்போது காய்ச்சலில் போய்விட்டான். அவன் மனைவி செல்லியும், ஆறு வயசு மகள் தமிழ்ச்செல்வியும் மிஞ்சினார்கள்.

அதுவரைக்கும் திம்மராயன் ஒழுங்காகத்தான் இருந்தார். போன வருஷம் மார்ச்சில் புது மந்திரிசபை பதவியேற்றதே, அன்றைக்குத்தான் வினை ஆரம்பித்தது. டீக்கடை ரேடியோவில் மந்திரிகளின் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்கக் கடை முன்னால் விசில் பறந்தது. ஓரமாக நின்ற செல்லியின் கையில் யாரோ ஒரு பிடி கற்கண்டை வைத்து, “இதெல்லாம் உன் வீட்டுக்காரன் பட்ட பாடு தாயி” என்றார்கள். அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கூட்டமே அவளைச் சுற்றி நின்று தேற்றியது.

‘மண்வெட்டி புடிச்சு நாயாட்டம் உழைச்சவன் நானு, மரியாதை மட்டும் இவளுக்கா?’ என்று திம்மராயனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வீட்டுக்காரனா? எந்த ஐயரு வந்து கட்டி வெச்சான்?” என்று உரக்கக் கேட்டுவிட்டார்.

எரிச்சலில் வாய் தவறி வந்த பேச்சுதான். ஆனால் சொன்ன பிறகு அதில் ஒரு வசதி இருப்பது அவருக்குத் தெரிந்தது. கல்யாணமே இல்லையென்றால் சம்சாரம் இல்லை. சம்சாரம் இல்லையென்றால் பங்கும் இல்லை. தோப்பு முழுவதும் தனக்கே என்று பட்டா கேட்டுத் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தார். அன்றிலிருந்து செல்லி மற்றவர்கள் தோப்பில் கூலிக்குப் போனாள். அந்த மனுவின் மேல் வரும் திங்கட்கிழமை விசாரணை.

புது சர்க்காரைக் கேலி பேசுவதில் திம்மராயன் கெட்டிக்காரர். மந்திரிகள் தங்கள் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டபோது, “நம்ம ஊட்டு உலையில அரிசி கூடுச்சா?” என்றார். ரூபாய்க்குப் படி அரிசி என்று வந்தபோது, “மெட்ராசுக்கும் கோயமுத்தூருக்கும்தான் வந்துச்சு. வேப்பனப்பள்ளிக்கு வழி தெரியல போல” என்றார். இப்போது ஒரு சட்டம் வழி தெரிந்து நேராக அவர் தோப்புக்கே வந்து சேர்ந்துவிட்டது. மத்தியானமே கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினார்.

தாலுகா ஆபீஸ் வாசல் புளியமரத்தடியில் மேஜை போட்டு மனு எழுதும் பிரகாசம் எல்லாவற்றையும் கண்ணை மூடிக் கேட்டான்.

“சட்டம் வந்தது வாஸ்தவம்தான். ஆனா கல்யாணம் நடந்துச்சுன்னு அவதான் ரூபிக்கணும். காயிதம் ஏதாச்சும் இருக்குதா அவகிட்ட?”

“மாலை மாத்தினதும் ஒப்பந்தம்னு ஒண்ணு எழுதினாங்க.”

“சாட்சி யாரு?”

“ரெண்டு பேரு. ஒருத்தரு அவ அப்பா, செத்துட்டாரு. இன்னொருத்தன் நானு.”

பிரகாசம் கண்ணைத் திறந்தான். கொஞ்ச நேரம் பேனாவைக் காதில் செருகி யோசித்தான். பிறகு அவன் முகம் தெளிந்தது. “இதுக்குப் போயி பயப்படறீங்களே. உங்களுக்குக் கையெழுத்தே போடத் தெரியாது, கைநாட்டுதான்னு வாக்குமூலம் எழுதிடறேன். தாசில்தார் முன்னால பெருவிரல அதுல வெச்சுடுங்க. அந்தக் கையெழுத்து பொய்னு ஆயிடும். சந்தேகம் வந்தா கோர்ட்டுக்குப் போன்னு அவரு தள்ளிடுவாரு. அது முடிய பத்து வருசம். அதுவரைக்கும் மாங்கா யாரு திம்பா?”

திம்மராயன் தலையை ஆட்டினார். மேஜை மேல் இருந்த மைப்பெட்டியை அவர் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் காற்று வரவில்லை போல் இருந்தது. பத்து வருஷத்துக்கு முந்திய அந்தக் கல்யாணம் கண்ணுக்குள் வந்து நின்றது. தலைமை தாங்க வந்தவர் இரண்டு மணி நேரம் பேசியதில் சாம்பார் ஆறிப்போனது. ஆறிய சாம்பாரிலும் திம்மராயன் இரண்டு தடவை சோறு வாங்கித் தின்றார். அதற்கும் ஒரு மாசம் முன்னாலிருந்து சென்னப்பன் அவரை மாட்டுக்கொட்டாய்ச் சுவர் முன்னால் நிறுத்தி, கரித்துண்டைக் கையில் கொடுத்து, “எங்கண்ணன் என் கல்யாணத்துல பெருவிரல நீட்டக் கூடாது” என்று எழுதப் பழக்கினான். வயசு நாற்பதில் அவர் பழகினார். கல்யாணப் பந்தலில் நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பெயரை எழுதி முடித்தபோது தம்பிதான் முதலில் கை தட்டினான். அதுதான் திம்மராயன் தம் வாழ்நாளில் போட்ட முதல் கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாராயணம்மா களி உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். திம்மராயனின் மனைவி அதிகம் பேசுகிறவள் அல்ல. கோபம் வந்தால் மட்டும் தெலுங்குக்குத் தாவுவாள்.

“ஏமய்யா, நாளைக்குப் போய் கைநாட்டு வெக்கப் போறியாமே?”

“உனக்கு யாரு சொன்னது?”

“ஊரே சொல்லுது. ஒண்ணு கேக்கறேன். நம்ம கல்யாணத்துக்கு எந்த ஐயரு வந்தாரு?”

திம்மராயன் நிமிர்ந்து பார்த்தார்.

“பஞ்ச வருசம். குந்தாரப்பள்ளி சந்தையில எங்கப்பன் ஆட்ட வித்துத் தாலி வாங்கினான். அம்மன் கோயில் முன்னால நீ கட்டின. ஐயரு ஏது, அக்கினி ஏது? முறுக்கு வாங்கித் தின்னுட்டு உன் பின்னால நடந்து வந்தேன். அப்ப நானு உனக்கு யாரு?”

“அது வேற.”

“எப்புடி வேற?”

திம்மராயன் களியைப் பிட்டார், குழம்பில் தொட்டார், வாய்க்குக் கொண்டு போகவில்லை.

“நீ முன்னால போயி சென்னப்பன் இருந்திருந்தா, எனக்கு இந்தக் கேள்வியக் கேட்டிருப்பானா அவன்?” என்றாள் நாராயணம்மா. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். திம்மராயனுக்கு அவமானமாக இருந்தது. அவமானத்தைக் கோபமாக மாற்றிக்கொண்டு தட்டைத் தள்ளிவிட்டு வெளியே போனார்.

கோபத்தோடேதான் திங்கட்கிழமை தாலுகா ஆபீஸுக்கும் போனார். செல்லி அவருக்கு முன்பே வந்திருந்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். தமிழ்ச்செல்விக்குப் பெரியப்பாவைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது. தாய் கையை இறுக்கியதும் அது அடங்கியது. தாசில்தார் நடுத்தர வயசுக்காரர். முகத்தில் எதையும் காட்டாமல் மனுவைப் படித்தார்.

“இறந்துபோன சென்னப்பனுக்கு நீங்க மனைவின்னு சொல்றீங்க. ஆதாரம் இருக்காம்மா?”

செல்லி மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள். மடிப்பெல்லாம் நைந்து, கோந்து போட்டு ஒட்டியிருந்தது. தாசில்தார் கடைசி வரிக்கு வந்தபோது நிமிர்ந்தார்.

“சாட்சி, திம்மராயன்னு இருக்கே. யாரது?”

பிரகாசம் முந்திக்கொண்டான். “சார், எங்க கட்சிக்காரருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது பொய்க் கையெழுத்து. வாக்குமூலம் தயாரா இருக்குது, கைநாட்டு வெச்சுடுவாரு.” சொல்லிக்கொண்டே மைப்பெட்டியைத் திறந்து திம்மராயன் முன்னால் நகர்த்தினான்.

“அவரே சொல்லட்டும்” என்றார் தாசில்தார். ஒப்பந்தத்தைத் திருப்பி வைத்தார். “பாருங்க. இது உங்க கையெழுத்தா இல்லியா?”

திம்மராயன் பார்த்தார். கோணல் மாணலான எழுத்து. ஒன்று வரிக்கு மேலே, ஒன்று கீழே. அதற்குப் பக்கத்தில் மணமகன் என்று தம்பியின் பெயர், அச்சடித்த மாதிரி. இதை இல்லையென்று சொன்னால் தோப்பு மட்டும் போகாது செல்லிக்கு. பெண்டாட்டி என்ற பேர் போகும், அந்தக் குழந்தைக்கு அப்பன் பேர் போகும். மாட்டுக்கொட்டாய்ச் சுவருக்கு முன்னால் தம்பி நின்ற அந்த ஒரு மாசமும் பொய்யாகிப் போகும். செல்லி தலையைக் குனியவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெருவிரலை மையை நோக்கி நீட்டியவர், அப்படியே நிறுத்தினார்.

“சாமி, ஒரு பேனா குடுங்க.”

“எதுக்கு?”

“கையெழுத்து போடத் தெரியாதுன்னு எழுதின காயிதத்துல கையெழுத்து போட்டுக் காட்டறேன்.”

பிரகாசம் இருமினான். திம்மராயன் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேனாவை வாங்கி, பழையபடி நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்த வாக்குமூலத்தின் குறுக்கே தம் பெயரைப் பெரிதாக எழுதினார். இரண்டு காகிதத்திலும் ஒரே கோணல், ஒரே மாணல்.

“அது நான் போட்டதுதான் சாமி. என் தம்பி சொல்லிக் குடுத்துப் போட்டது. பந்தல்ல நான் இருந்தேன், மாலை மாத்தினதப் பாத்தேன், சோறும் தின்னேன். இவதான் என் தம்பி சம்சாரம். மனுவ நான் வாபஸ் வாங்கிக்கறேன்.”

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டார். தாசில்தாரின் முகத்தில் அப்போதுதான் முதன்முதலாக ஒரு சிரிப்பு தெரிந்தது. பாதிப் பங்கைச் செல்லி பெயருக்கும் மகள் பெயருக்கும் மாற்ற உத்தரவு போடுவதாகச் சொன்னார். பிரகாசம் மைப்பெட்டியைச் சத்தமில்லாமல் மூடி எடுத்துக்கொண்டு நழுவினான்.

வெளியே புளியமர நிழலில் திம்மராயன் செல்லியின் முன்னால் வந்து நின்றார். “வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேம்மா. மன்னிச்சுக்க.”

“மன்னிக்கறத அப்பறம் பாத்துக்கலாம் மாமா” என்றாள் செல்லி. அவள் குரலில் குத்தல் இல்லை. ஒரு வருஷத்து அலுப்பு இருந்தது. “சட்டம் வந்துட்டுது, இனி உனக்கு பயமில்லன்னு ஊரே சொல்லுச்சு. எனக்கு பயம்தான். சட்டத்த மெட்ராஸ்ல மந்திரிங்க போட்டுருவாங்க. அது நம்ம ஊரு வரைக்கும் வந்து சேரணும்னா, நடந்தத நடந்துச்சுன்னு வாய் தொறந்து சொல்ற ஒரு மனுசன் வேணும். அந்த மனுசன் இல்லாமப் போனா, எந்தக் கட்சி வந்து எத்தன சட்டம் போட்டாலும் எங்களாட்டம் பொம்பளைங்களுக்கு வெறுங்காயிதம்தான்.”

தமிழ்ச்செல்வி மறுபடி சிரித்தாள்; இந்தத் தடவை அவள் கையை யாரும் இறுக்கவில்லை. திம்மராயன் குனிந்து அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

“பாய்க்குச் சொல்லியனுப்பறேன், வியாழக்கெழம பூ பாக்க வருவாரு. உன் பங்குக்கு நீயே பேசும்மா. நான் நடுவுல வர மாட்டேன்” என்றார். பஸ் நிலையம் வரை குழந்தையைச் சுமந்து நடந்தவர், வேப்பனப்பள்ளி பஸ் வந்து நின்றதும் நின்று திரும்பினார்.

“சர்க்காரு மாறி ஒரு வருசம் ஆச்சு செல்லி. மாறாம நின்னது நான்தான். ஜனங்க மாறாம சர்க்காரு மட்டும் மாறி என்ன புண்ணியம்? ஏறு, ஊட்டுக்குப் போலாம்.”