வண்ணத்துப்பூச்சியைப் பார்க்க வந்தவர்

எம்.எல்.ஏ. அடுத்த வாரம்தான் வருவார் என்று சொன்னதை நம்பி, விடிந்தும் விடியாததுமாக ரெமிஜியஸ் கறிவேப்பிலைக் கொல்லைக்கு மருந்து அடித்துவிட்டார். வாரா வாரம் அடிப்பதுதான். புழு கடித்த இலையைத் திருவாரூர் வியாபாரி கையால்கூடத் தொடமாட்டார். இலை பளிச்சென்று இருக்கவேண்டுமாம், மகாராஜாவுக்கு.

காலைச் சாப்பாடு முடிவதற்குள் எம்.எல்.ஏ. இளஞ்செழியனின் கார் வாசலில் நின்றது. ரெமிஜியஸின் மனைவி சகாயம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

மாநிலத்துக்கு ஒரு வண்ணத்துப்பூச்சி இருப்பதுபோல மாவட்டத்துக்கும் ஒன்றை அறிவிக்கச் சொல்லி, சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறார் அவர். கறிவேப்பிலை தின்று வளரும் கறுப்பு வண்ணத்துப்பூச்சிதான் அவர் தேர்வு. அதற்குரிய ஊராக இதைக் காட்டினால் வாய்க்காலுக்குப் பாலமும் வரும் என்று சொல்லியிருந்தார். போன ஐப்பசியில் மகள் லின்சி பிரசவ வலியோடு அந்த வாய்க்காலை இடுப்பளவுத் தண்ணீரில் கடந்தாள். சகாயம்மாளுக்கு அந்தப் பாலம் வேண்டும்.

வீட்டுச் சமையலுக்கென்று மருந்து படாமல் விட்ட நாலைந்து செடிகள் தெற்கு ஓரத்தில் இருந்தன. அங்கே வண்ணத்துப்பூச்சியின் புழு உயிரோடு இருக்கும். அதை மட்டும் காட்டிச் சமாளித்துவிடலாம் என்று ரெமிஜியஸ் கண்ணால் சொன்னார்.

அதற்குள் பக்கத்து வீட்டு நாகம்மாள் தட்டில் நீர்மோர் கொண்டுவந்தாள். மேலே பச்சைப்பசேலென்று கறிவேப்பிலை.

"இலை ஏதுடி?" சகாயம்மாள் காதோடு கேட்டாள்.

"ஒங்க கொல்லையிலதாங்க்கா. வேலியோரமா ஒடிச்சேன்."

வேலியோரம் முழுக்க மருந்து. சகாயம்மாள் புருஷனைப் பார்த்தாள்.

"கழுவித்தான் போட்டிருப்பா. வாய மூடு," என்றார் அவர் பல்லுக்குள்ளேயே.

இளஞ்செழியன் தம்ளரை எடுத்தார். "நல்ல வெயில். குடிச்சிட்டுக் கொல்லைக்குப் போவோம்."

தம்ளர் உதட்டுக்குப் போனது. பாலமாவது மண்ணாவது என்று தோன்றிவிட்டது சகாயம்மாளுக்கு.

"குடிக்காதீங்க ஐயா. அந்த இலைக்கு இன்னிக்குக் காலையிலதான் மருந்து அடிச்சோம்."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப புழு?"

"செத்திருக்குங்க."

அவர் எழுந்து வாசலுக்கு நடந்தார். ரெமிஜியஸ் ஏதேதோ சொல்லிக்கொண்டு கார்வரை பின்னாலேயே ஓடினார்.

ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று சகாயம்மாளுக்கு நெஞ்சு ஆறியது. திரும்பினால், நாகம்மாள் தட்டோடு அப்படியே நின்றிருந்தாள்.

"போன வாரம் எம் பேரனுக்கு ரசம் வைக்கக் கேட்டப்ப, வேலியோரத்துலதானக்கா நீயே ஒடிச்சுக் குடுத்த," என்றாள். "அன்னிக்கு ஒண்ணும் சொல்லலியே."