வேகத்தடையில் நிற்கும் வண்டி

"ஊர்ல எங்கயும் நிக்காத வண்டி, அந்த வீட்டு வாசல்ல மட்டும் ஏன்டா நிக்குது?" ஜோதியம்மாளின் குரல் எங்கள் வேங்கிக்கால் தெரு முழுக்கக் கேட்டது.

"அங்க வேகத்தடை இருக்கு அத்தை. ஏறி இறங்கினா லைட்டு, ஹாரன், இன்ஜின் எல்லாம் ஒண்ணா ஆஃப் ஆயிடுது."

"அந்த வீட்ல யோகா சொல்லிக்குடுக்குற பொண்ணும் இருக்குல்ல."

"தண்ணி கேட்டேன், குடுத்தாங்க. அவ்ளோதான்."

"ரொம்ப ஜாஸ்தியாத்தான் தாகம் எடுக்குது உனக்கு."

ஜன்னலை மூடத்தான் நான் எழுந்தேன். இந்தப் பேச்சுக்குப் பிறகு யாரால் மூட முடியும்?

அறிவுச்செல்வன், ஜோதியம்மாளின் அண்ணன் வேணுவுடைய மகன். எதிரெதிர் வீடு. அவள் மகள் கவிநிலா அவனுக்குத்தான் என்று சின்ன வயதிலேயே பேசி முடித்த பேச்சு. அவனுக்கு வேலை ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில். செங்கம் சாலையில், ஊரிலேயே உயரமான அந்த வேகத்தடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே அவன் வண்டியோடு நிற்பதைப் பார்க்காதவர்கள் எங்கள் தெருவில் கம்மி. பார்த்ததைப் பார்த்ததோடு விடும் பழக்கம் இங்கே யாருக்கும் கிடையாது.

கவிநிலா வாசலில்தான் நின்றிருந்தாள். "ஒரு தடவைன்னா நம்பலாம் மாமா," என்றாள். கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்கு நம்பிக்கை இருந்திருக்கும்.

"சக்கரவர்த்தி அண்ணனக் கேளு."

அவள் ஏற்கெனவே கேட்டுவிட்டாள். மெக்கானிக் சக்கரவர்த்தி பொய் சொல்லாத மனிதர், அதுதான் வினை. "என்கிட்ட வந்தா நல்லாத்தான் ஓடுதும்மா," என்று சொல்லியிருந்தார். புது பேட்டரி போட்டார், பிளக்கை மாற்றினார், ஒயரை எல்லாம் தடவிப் பார்த்தார். பிறகு ஷெட்டைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். அங்கே ரோடு வழவழவென்று இருக்கும்.

ஆக, வண்டியே அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. ஓசூரிலிருந்து ஒரு வரன் வந்தது. கவிநிலா சரி என்றாள். தட்டு மாற்றினார்கள். நாங்கள் எல்லோரும் நல்ல முடிவு என்று கேசரி சாப்பிட்டோம்.

அவன் மட்டும் விடவில்லை. கல்யாணத்தை நிறுத்த முடியாது என்று தெரிந்தும், தான் பொய் சொல்லவில்லை என்று ஒருத்திக்குக் காட்டியாக வேண்டும் அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை தெருவிலேயே வண்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தான். எனக்கும் அன்றைக்குக் கோலத்தில் வேலை அதிகமாக இருந்தது.

ஒரு கட்டத்தில், சாவியைப் போட்டு ஹெட்லைட்டை எரியவிட்டு, சாவியை லேசாக ஆட்டினான். லைட் அணைந்தது. மறுபடி ஆட்டினான், எரிந்தது. சாவி போடும் ஸ்விட்சைக் கழற்றி, பிரித்து, பேப்பரில் தட்டினான்.

விழுந்தது சாம்பல் நிறத்தில் ஒரு சேறு. சாவி இறுகுகிறது என்று அவன் அவ்வப்போது தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறான், அதில் குழைந்த விபூதி. கோயில் விபூதியேதான், வாசனை என் கோலம் வரைக்கும் வந்தது. உள்ளே செம்புத் தகடுகள் பச்சைக் களிம்பேறிக் கிடந்தன. குலுங்கினால் தொடுப்பு விட்டுப்போகும், மறுபடி குலுங்கினால் ஒட்டிக்கொள்ளும்.

"இதுக்குள்ள எவன்டா விபூதி போட்டது?" என்றார் வேணு.

எதிர்வாசலில் கவிநிலா வெளுத்துப் போய் நின்றாள்.

"நான்தான்," என்றாள். "வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்து ஒரு சிட்டிகை போடுவேன். மாமா வேகமா ஓட்றாருனு."

வெள்ளிக்கிழமைதோறும். எங்கள் தெருவில் என் கண்ணுக்குத் தப்பிய ஒரே காரியம்.

"ஏன் கவி சொல்லல?" என்றான் அறிவுச்செல்வன்.

"வேண்டுதல வெளிய சொன்னா பலிக்காது."

"என்னானு வேண்டுன?"

"நீங்க எங்கயும் விழக் கூடாதுனு."

அவன் கையிலிருந்த ஸ்விட்சைப் பார்த்தான். "விழலையே," என்றான்.

ஜோதியம்மாளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதனாலேயே குரல் இன்னும் உயர்ந்தது. "பத்திரிகை குடுத்தாச்சு. ஓசூர்காரங்க கிட்ட என்னானு சொல்வேன், சாவி ஓட்டையில விபூதினா?"

எல்லோரும் கவிநிலாவைப் பார்த்தோம். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள். "கூடவே வளந்த உங்கள நான் நம்பல மாமா. அந்தப் பையன் என்னை ஒண்ணுமே கேக்காம நம்பியிருக்காரு. அவரையும் எப்பிடி ஏமாத்துறது?" உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கோலப்பொடி டப்பாவை மூடினேன்.

வைகாசியில் கல்யாணம். பெண்ணுக்குத் தாய்மாமன் சீர் வேணுதான் செய்ய வேண்டும். முறை என்றால் முறை. சீர்ப்புடவை வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு மேளத்தோடு முன்னால் வந்தவன் அறிவுச்செல்வன். தட்டு ஆடவே இல்லை. எனக்குப் பந்தியில் சோறு இறங்கவில்லை, பாயசம் மட்டும் குடித்தேன்.

கவிநிலா ஓசூருக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை நல்ல பையன், குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. யோகா சொல்லிக்கொடுத்த பெண், அவன் பேர்கூடத் தெரியாமல் தன் ஊருக்குத் திரும்பினாள். அறிவுச்செல்வன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, தீபாவளிக்கு மட்டும் வருகிறான். பெண் பார்க்கட்டுமா என்று வேணு கேட்டால், "பாக்கலாம்ப்பா" என்கிறான். இன்னும் பார்க்கவில்லை.