எங்கள் வேனுக்குப் புது ஸ்டீயரிங்

அந்த ஸ்டீயரிங் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கிடங்கில் கிடைத்தது. அது இருந்த வண்டியும் எங்கள் வேன் மாதிரியேதான், ஆனால் உயர்ந்த மாடல். பின்னால் யாரோ இடித்து நசுக்கியிருந்தார்கள், முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஸ்டீயரிங்கின் இரண்டு பக்கமும் பொத்தான்கள்: இடது பக்கம் பாட்டுக்கும் போனுக்கும், வலது பக்கம் குரூஸ் கன்ட்ரோலுக்கு. வேகத்தை ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடலாம், வண்டி தானாகவே அதே வேகத்தில் போகும். பார்த்ததுமே எனக்குக் கை பரபரத்தது. கிடங்குக்காரர் ஸ்பேனர் தேடிக்கொண்டு வருவதற்குள் பாதியை நானே கழற்றிவிட்டேன்.

கார்களுக்கு ஸ்டீரியோவும் கேமராவும் மாட்டுவது என் தொழில். வேன் ஓட்டுவது என் கணவர் தொழில். பண்ணையில் அன்றன்று பொரித்த கோழிக்குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு ஐந்து மணி நேரம் நெடுஞ்சாலையில் போய் இறக்கிவிட்டு வருவார். போன வருஷம் அவருக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஆக்சிலரேட்டரை ஒரே அழுத்தாகப் பிடித்துக்கொண்டு போனால் பாதி வழியில் முட்டி கல்லாகிவிடுகிறது.

அதனால் வேனையும் பண்ணை லோடையும் என் தம்பியிடம் கொடுத்துவிட்டு, தம்பியின் டயர் கடையில் கல்லாவில் உட்காருவதென்று அவர் முடிவு பண்ணிவிட்டார். மாமனும் மச்சானும் பேசி முடித்த பிறகுதான் எனக்குச் சேதி வந்தது. சனிக்கிழமையிலிருந்து யார் ஓட்டுவது என்று பண்ணை முதலாளியம்மாவுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். இந்த மனுஷனைக் கல்லாவில் உட்காரவைத்தால் ஒரே மாதத்தில் கிழவராகிவிடுவார். அதைப் பார்க்க எனக்குச் சக்தி இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் என் கடை வாசலில் வேனை நிறுத்தி வேலையை ஆரம்பித்தேன். அவர் ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"உள்ள ஏர்பேக் இருக்கும்மா. மூஞ்சியில வெடிச்சுடப்போகுது."

"பேட்டரி வயரை எப்பவோ எடுத்தாச்சு. இனிமே இங்க வெடிக்கிறதா இருந்தா அது நான்தான்."

அவர் ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஏர்பேக்கை அலுங்காமல் எடுத்து மெத்தைப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்தேன். பழைய ஸ்டீயரிங் அசைய மறுத்தது, இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டி இழுத்ததில் பட்டென்று கையோடு வந்தது. அதற்குப் பின்னால் நாடா மாதிரி சுருட்டிய ஒரு கேபிள் உண்டு. பொத்தான்களின் மின்சாரமெல்லாம் அது வழியாகத்தான் போகும். அதைச் சரியாக நடுவில் நிறுத்தி மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதல் திருப்பத்திலேயே அறுந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டி, மேலே புது ஸ்டீயரிங்கையும் ஏர்பேக்கையும் இறுக்கி, பேட்டரி வயரைத் திரும்பக் கொடுத்தேன். கடைசியில் லேப்டாப்பை இணைத்து, உனக்கு இனிமேல் இந்த வசதியெல்லாம் உண்டு என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குப் புரியவைத்தேன். சாவியைத் திருப்பியதும் பொத்தான்கள் எல்லாம் பளிச்சென்று எரிந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கும்வரை ஹார்ன் அடித்தேன்.

தம்பி வந்தான். வேனை எடுத்துப்போகத்தான் வந்திருந்தான்.

"என்னக்கா இது, விமானம் மாதிரி இருக்கு?"

"முதல்ல ஏறி உட்காரு. பேச்செல்லாம் அப்புறம்."

முன் சீட்டில் மூன்று பேர் உட்காரலாம். முதலில் நான் ஓட்டினேன். நெடுஞ்சாலை ஏறி, வேகம் பிடித்து, பொத்தானை அமுக்கினேன். பச்சை விளக்கு எரிந்தது. காலை எடுத்தேன். வேகமானியில் முள் ஆடவில்லை, அசையவில்லை. மேடு வந்தது, வண்டி தானாக மூச்சுப் பிடித்து ஏறியது. "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது.

பெட்ரோல் பங்க்கில் இடம் மாறினோம். அவர் ஸ்டீயரிங்குக்குப் போனார், நான் நடுவில், தம்பி ஜன்னலோரம். நெடுஞ்சாலையில் அவர் பொத்தானை அமுக்கினார். பச்சை விளக்கு எரியவில்லை. மறுபடி அமுக்கினார். ஒரு கணம் எரிந்து அணைந்துவிட்டது.

"நீங்க சரியா அமுக்கல."

"கட்டைவிரல் நோகுற அளவுக்கு அமுக்குறேன்."

ஓரமாக நிறுத்தச் சொல்லி இணைப்புகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. நான் ஓட்டினேன், விளக்கு எரிந்தது. அவர் ஓட்டினார், அணைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தம்பி ஒன்றும் கவனிக்காதவன் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டான். நல்ல பிள்ளை, அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"விடும்மா," என்றார் அவர் மெதுவாக. "நான் ஓட்டக் கூடாதுன்னு வண்டிக்கே தெரிஞ்சிருக்கு."

"வண்டிக்கு ஒண்ணும் தெரியாது. பேசாம ஓட்டுங்க."

பிரேக்கைத் தொட்டால் குரூஸ் கன்ட்ரோல் விலகிக்கொள்ளும். பிரேக் பெடல் சுவிட்சில்தான் கோளாறு இருக்கும் என்று நினைத்து, இருந்த இடத்திலிருந்தே குனிந்து கீழே டார்ச் அடித்தேன். பிரேக் பெடல் சும்மா இருந்தது. அதற்குப் பக்கத்தில், கிளட்ச் மேல், நம் வீட்டு நாற்காலியில் உட்கார்வது போல் ஒரு செருப்புக் கால் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கிளட்ச்சைத் தொட்டாலும் விலகிக்கொள்ளத்தான் செய்யும்.

"ஏங்க, இடது காலைக் கிளட்ச்சிலேர்ந்து எடுங்க."

"எடுத்துத்தான் வச்சிருக்கேன்."

"அப்ப இது யார் காலு?"

அவர் கீழே பார்த்தார். உண்மையிலேயே வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

இந்த வேனில் ஏற்கெனவே இரண்டு கிளட்ச் தேய்ந்து போயிருக்கிறது. "அண்ணன் கிளட்ச்சுல காலை வச்சுக்கிட்டே ஓட்டுறாரு" என்று மெக்கானிக் தலையிலடித்துக்கொண்டு சொன்னார். என் வீட்டுக்காரரையா சொல்கிறாய் என்று நான் அந்த மெக்கானிக்கோடு மல்லுக்கு நின்று, இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"காலை எங்கதான் வைக்கிறது?" என்றார்.

"இடது பக்கம் ஓரமா ஒரு மேடை இருக்கு பாருங்க. கால் வைக்கத்தான் கட்டியிருக்கான். வேன் வாங்கின நாள்லேர்ந்து காலியாத்தான் கிடக்கு."

காலை அதன் மேல் வைத்தார். பொத்தானை அமுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது, அணையவில்லை. வலது காலை மெல்ல எடுத்துத் தரையில் வைத்து, நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டினார். வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஒரு மேடு போயிற்று, இன்னொரு மேடு போயிற்று. எங்கள் ஊருக்கு இறங்கும் பாதை வந்தது, அவர் திரும்பவில்லை. அடுத்ததிலும் திரும்பவில்லை. வழக்கமாக முட்டியைப் பிடித்துக்கொள்ளும் இடமெல்லாம் தாண்டிப் போய்விட்டோம்.

"வலிக்கலம்மா," என்றார். பிறகு தம்பியைப் பார்க்காமலே, "மாப்ள, கல்லாவுக்கு வேற ஆளப் பாத்துக்க."

"நான் அப்பவே பாக்க ஆரம்பிச்சுட்டேன் மாமா," என்றான் தம்பி. சிரித்தான், மனசாரத்தான் சிரித்தான்.

அவர் இடது பக்கத்துப் போன் பொத்தானைத் தானே தேடிப் பிடித்து அமுக்கினார். கடைசியாகப் பேசிய நம்பருக்கு மணி அடித்து, பண்ணை முதலாளியம்மாவின் குரல் வேன் முழுக்கக் கேட்டது.

"சொல்லுங்க. நாளைக்கு லோடுக்கு யாரு வர்றா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான்தாம்மா வர்றேன்," என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சாலை மங்கலாகத் தெரிந்தது, பச்சை விளக்கு மங்கலாகத் தெரிந்தது, அப்புறம் தெரியவே இல்லை.

"இடது கால்," என்றோம் நானும் தம்பியும் ஒரே குரலில்.