ஐந்நூற்றுப் பத்து மீட்டர்

பாலக்கரையில் தொண்ணூறு மீட்டர் நீளமிருந்த ஒரு தெரு, ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்தரை மணிக்கு, ஐந்நூற்றுப் பத்து மீட்டர் ஆயிற்று. காரணம் எல்லோருக்கும் தெரியும். பழைய மளிகைக் கடை இருக்கும் இடத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் பெரிய அங்காடி திறக்கக் கூடாது என்று அந்த வருடம் ஒரு விதி வந்திருந்தது. தெருவின் மேற்குக் கோடியில் கமர் ஜஹானின் மளிகைக் கடை. கிழக்குக் கோடியில் திறப்பு விழாவுக்குக் காத்திருந்த மூன்று மாடி அங்காடி. அளக்க வந்த சர்வேயர் ரெங்கராஜ் டேப்பைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அங்காடிக்காரர்கள் கொடுத்த பழரசத்தைக் குடித்துவிட்டு, பதிவேட்டில் 510 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் பேனாவை மூடுவதற்குள் நிலம் எழுத்துக்குக் கட்டுப்பட்டது.

தெருவின் நடுவில் இருந்த தைரியராஜின் வீட்டுக்குள்தான் நிலம் பிளந்தது. கூடம் இந்தப் பக்கம் நின்றது, சமையலறை அந்தப் பக்கம் போயிற்று. அவர் மனைவி லிசி காபி டம்ளரோடு வாசற்படிக்கு வந்து, கணவன் தூரத்தில் நெல்மணி அளவுக்குத் தெரிவதைப் பார்த்தாள். நடுவில் வெறும் செம்மண். சாக்கடை இல்லை, விளக்குக் கம்பம் இல்லை.

அங்காடி திறந்தது. கமர் ஜஹானின் வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் பிளவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கால் கிலோ புளிக்காக அவ்வளவு தூரம் யார் நடப்பார்கள்? தெருவின் உண்மையான அளவை எழுதச் சொல்லி அவள் மனுப் போட்டாள். அதற்குள் புது மண்ணுக்குத் தள்ளுவண்டிகள் வரத் தொடங்கின. அந்த இடத்துக்குச் சர்வே எண் இல்லாததால் அங்கிருந்து துரத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. முசிறியிலிருந்து முதல் பஸ்ஸில் வாழைத்தார்களோடும் தேங்காய்களோடும் அமிர்தம் வந்தாள். மூன்று மாதத்தில் அறுபது வண்டிகள். கமர் ஜஹான் எதை விற்றாலும் அங்கே ஒருத்தர் அதை இரண்டு ரூபாய் குறைத்து விற்றார்.

ஒரு வருடம் கழித்து மனு ஜெயித்தது. உண்மையான அளவை எழுத உத்தரவு வந்தது. ரெங்கராஜ் சோதித்துப் பார்க்க 510-ஐ அடித்து 509 என்று எழுதினார். ஒரு மீட்டர் மடங்கியது. அதில் நின்ற கொய்யாப்பழ வண்டியும் போயிற்று. வண்டிக்காரர் டீ குடித்துவிட்டு வந்து, வண்டி நின்ற இடத்தைத் தேடி வெகுநேரம் நடந்தார். மறுபடி 510 என்று எழுதியதும் மண் திரும்பி வந்தது, வண்டி வரவில்லை. அதற்குமேல் ரெங்கராஜ் பதிவேட்டில் பேனா வைக்கவில்லை.

அவர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு கமர் ஜஹானின் கடைக்கு வந்தார். தெருவே கூடியது.

"தொண்ணூறுன்னு எழுதினா அங்காடியை மூடிடுவாங்கம்மா. உங்க கடை பொழைச்சுக்கும். வண்டிக்காரங்களுக்கு ஒரு வாரம் டைம் தரேன், ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க மனுவை வாபஸ் வாங்கினா மட்டும்தான் எழுதாம இருக்க முடியும்."

"ஒரு வாரம் எதுக்கு சார்?" என்றாள் அமிர்தம். "மத்த தெருவுல எல்லாம் எங்களைத் துரத்தி முடிச்சாச்சு. இல்லாத இடத்துலதானே நிக்கறோம், இதையும் மடிச்சுப் பையில போட்டுக்குங்க." பிறகு கமர் ஜஹான் பக்கம் திரும்பினாள். "என்னக்கா, ரெண்டு ரூபா குறைச்சு வித்தேன்னு இன்னும் கோவமா?"

"கோவந்தான்."

கமர் ஜஹான் தன் கடையைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் அவள் கை பட்டு மழுங்கிய மேஜை, மிளகாய் வற்றல் மூட்டை, பாதி காலியான அலமாரிகள்.

"எழுதினது எழுதினபடியே இருக்கட்டும் சார்."

லிசிதான் முதலில் அழுதாள். அவள் சமையலறை இனிக் கூடத்தோடு சேராது.

கடை இரண்டு மாதம் தாங்கியது. ஐப்பசியில் கமர் ஜஹான் ஷட்டரை இறக்கிவிட்டு, தராசையும் நான்கு மூட்டைகளையும் கொண்டுபோய்ப் புது மண்ணில் அமிர்தத்துக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தாள். முதல் நாளே தேங்காயை இரண்டு ரூபாய் குறைத்துக் கூவினாள். அதற்காக அமிர்தம் அவளோடு மத்தியானம்வரை சண்டை போட்டாள்.