கெண்டைக்கால்

ஏற்பாடுகள் எல்லாம் அவள் வயிற்றைச் சுற்றியே நடந்தன. குழந்தை தலை கீழே திரும்ப மறுத்து உட்கார்ந்த வாக்கிலேயே இருந்ததால், ஆபரேஷன்தான் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். தயாராக நேரம் கிடைத்தது. பயப்படவும் நேரம் கிடைத்தது.

பயத்தை விரட்டும் பொறுப்பை நாத்தனார் எடுத்துக்கொண்டாள். கணவனின் அக்கா. இரண்டு ஆபரேஷன் கண்டவள். தன் வயிற்றைத் தட்டிக் காட்டி, "இந்தக் கதவ ரெண்டு தடவ திறந்து மூடியாச்சு, கீல்கூடக் கழலல" என்பாள்.

"எந்திரிக்கும்போது நேரா எந்திரிக்கக் கூடாது. ஒருக்களிச்சுப் படுத்து, முழங்கைய ஊனி, அப்புறம் காலத் தொங்கப் போடு. இருமல் வந்தா தலகாணிய வயித்தோட அணைச்சுக்கோ. தும்மலுக்கும் அதேதான். சிரிப்புக்குத்தான் மருந்து கிடையாது. அதனால உன் புருஷன வாயத் திறக்க விடாத."

"நான் பேசினா யாரு அக்கா சிரிக்கிறாங்க?" என்றான் கணவன்.

"பாத்தியா, ஆரம்பிச்சுட்டான்."

அவனுக்கு வெல்டிங் பட்டறை. கட்டில் கால்களுக்கு அடியில் இரும்புத் துண்டு வைத்து உயர்த்தினான். பாத்ரூம் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி பதித்தான். பெயின்ட் காயும் முன்பே மனைவி பிடித்துப் பார்த்ததில், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதும் உள்ளங்கையில் பச்சை ஒட்டியிருந்தது.

அவளுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார் ஃபோன் எடுக்கும் வேலை. நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து ஜனங்கள் கத்துவார்கள், திட்டுவார்கள். அவள் குரல் மட்டும் ஏறாது. வீட்டிலும் அப்படித்தான். எதற்கும் ஒரே பதில்: "பரவாயில்ல." காபி ஆறிடுச்சே? பரவாயில்ல. இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா? பரவாயில்ல. இந்த இரண்டாவது பரவாயில்லைக்கு வேண்டும் என்று அர்த்தமா, வேண்டாம் என்று அர்த்தமா என்பது கணவனுக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை. கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி நிற்பான்.

பெண் குழந்தை பிறந்தது. வலி, நாத்தனார் சொல்லிக்கொடுத்த வழியாகவே வந்தது. எழுந்தால் இழுத்தது, இருமினால் கிழித்தது, தலையணையை அணைத்தால் அடங்கியது. வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்கு அதன் போக்கு தெரிந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். தையலுக்குப் பயந்து அவள் படுத்தே கிடந்தாள். அதையும் ஓய்வு என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் காலை, பால் கொடுத்துவிட்டுக் கீழே காலை ஊன்றியபோது இடது கெண்டைக்காலில் சுருக்கென்றது. காலுக்கு யாரும் பாடம் எடுத்திருக்கவில்லை. சதை பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மதியம் பார்த்தால், செருப்பு வார் அந்தக் காலில் மட்டும் ஏறவில்லை.

"என்ன, நொண்டுற?" என்றான் கணவன்.

"மரத்துப் போச்சு. பரவாயில்ல."

அதற்குள் நாத்தனார் ஒரு கிண்ணத்தில் எண்ணெயைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "படுத்தே கெடந்தா ரத்தம் எப்படி ஓடும்? அழுத்தி உருவி விட்டா எல்லாம் சரியாப் போயிடும். உருவி விடட்டுமா?"

"பரவாயில்ல அண்ணி."

வேண்டாம் என்றுதான் அவள் சொன்னாள். நாத்தனார் காதில் சரி என்று விழுந்தது. கட்டிலில் உட்கார்ந்து, காலைத் தூக்கி மடியில் வைத்து, எண்ணெய்க் கையால் கெண்டைச் சதையைச் சேர்த்துப் பிடித்தாள்.

வலியில் கண் இருட்டியது. அவள் பல்லைக் கடித்தாள். வயிற்று வலிக்கு ஓர் உருவம் இருந்தது, இதற்கு இல்லை. எண்ணெயின் சூடு ஒருபுறம், அதற்கும் மேலாகத் தோலுக்கு அடியிலிருந்து ஒரு சூடு. வலது காலைத் தொட்டுப் பார்த்தாள். அது சில்லென்று இருந்தது.

வேலை நினைவுக்கு வந்தது. லிஃப்டுக்குள்ளிருந்து கூச்சல் போடுகிறவர்களைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை. கத்துவதற்கு அவர்களிடம் மூச்சு இருக்கிறது. "ஒண்ணும் அவசரமில்லீங்க, பரவாயில்ல" என்று சன்னமாகச் சொல்கிறவர்களுக்குத்தான் முதலில் ஆள் அனுப்புவாள்.

"அண்ணி, கைய எடுங்க."

"இரும்மா, இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"கைய எடுங்கன்னு சொல்றேன்ல!"

குழந்தை திடுக்கிட்டு அழுதது. அந்தக் குரலை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. நாத்தனார் கையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"நான் என்ன பண்ணிட்டேன் இப்ப? கேட்டுட்டுத்தானே தொட்டேன்?"

"நான் வேண்டாம்னு சொன்னேன்."

"எப்பம்மா சொன்ன?"

"பரவாயில்லன்னு சொன்னேனே!"

கணவன் அக்காவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "அக்கா நல்லதுக்குத்தான்..." என்று இழுத்தான்.

"ஃபோனக் குடுங்க. ஆஸ்பத்திரி நம்பர் போட்டுக் குடுங்க. கால்ல என்னமோ சரியில்ல. எனக்குப் பயமா இருக்கு."

வார்டு நர்ஸ் எடுத்தாள். "ஒரு கால்லயா, ரெண்டுலயுமா? வீங்கியிருக்கா? தொட்டா சூடா இருக்கா?" ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கத்துக் குரல் நிதானமாகிக்கொண்டே வந்தது. அந்த நிதானம் என்னவென்று அவளுக்குத் தெரியும். அவளும் அப்படித்தான் பேசுவாள், விஷயம் முற்றும்போது.

"மூச்சு வாங்குதா? நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"நல்லது. கால யாரும் தேய்க்காதீங்க, அமுக்காதீங்க. இப்பவே கெளம்பி வாங்க."

டாக்சியில் அவள் ஒவ்வொரு மூச்சையும் இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். முன் சீட்டில் கணவன் ஒவ்வொரு சிக்னலையும் சபித்தான். குழந்தையை மடியில் வைத்திருந்த நாத்தனார் வழி முழுக்க எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

ஸ்கேனில் தெரிந்தது. காலின் உள் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாக நின்றிருந்தது.

"கால்லயே நிக்குது, தப்பிச்சீங்க" என்றார் டாக்டர். "நுரையீரலுக்குப் போயிருந்தா பேச்சே வேற. ஊசி போட்டுக் கரைய விடலாம். பால் குடுக்கலாம், தப்பில்ல. யாராவது தேய்ச்சு விட்டீங்களா?"

கணவன் தரையைப் பார்த்தான். வாசலில் நின்ற நாத்தனாரின் முகம் வெளுத்தது.

"கை வெச்சாங்க. நான்தான் சரியாச் சொல்லல. அப்புறம் நிறுத்தச் சொல்லிட்டேன்" என்றாள் அவள்.

டாக்டர் மருந்துச் சீட்டை எழுதிக் கணவனிடம் நீட்டினார். "இனிமே யாரும் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கணவன் மருந்து வாங்க ஓடினான். பக்கத்துத் தொட்டிலில் குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. நாத்தனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"அண்ணி, பாப்பாவத் தூக்கிக் குடுங்க."

"நான் தொடலம்மா. நர்ஸக் கூப்பிடறேன்."

"நர்ஸ் வர்றதுக்குள்ள இவ ஊரக் கூட்டிடுவா. எனக்கு எந்தப் பக்கமும் திரும்ப முடியல. வயிறு வலிக்குது, கால் வலிக்குது, பால் கட்டிக்கிட்டு மாரு வலிக்குது. தூக்கிக் குடுங்க."

நாத்தனார் மூலையிலிருந்த குழாயடிக்குப் போனாள். எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புப் போட்டு, போதாமல் மறுபடியும் போட்டுக் கழுவினாள். ஈரத்தைத் துடைத்துவிட்டு வந்து, குனிந்து, குழந்தையின் அடியில் கையைக் கொடுத்தாள்.

"கழுத்தப் பாத்து" என்றாள் அவள்.

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்றாள் நாத்தனார். இன்னொரு கையைக் கழுத்துக்கு அடியில் கொடுத்தாள்.