இருபத்து நான்கு அடி

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பதினான்கு வருடமாக ஓடுவதுதான் வேலை. படிவங்களில் தொழில் என்ற இடத்தில் 'ஓட்டம்' என்று எழுதுவாள். ஒருமுறை வங்கியில் எதிரே இருந்தவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்.

"எதும்மா ஓட்டுறீங்க? லாரியா, பஸ்ஸா?"

"காலை," என்றாள்.

பக்கத்தில் நின்ற நாத்தனார் சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

அந்த நாத்தனாரும் ஓட்டக்காரிதான். ஏழு வயது இளையவள். ஓரிடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் பம்பரம் என்று பெயர். முதலில் ஒரே அணியில் தோழிகள். பிறகுதான் பம்பரத்தின் அண்ணனை இவள் கட்டிக்கொண்டாள். மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பெண்கள் இருவருக்கும் ஒரே அளவு கால். வாசலில் குவிந்து கிடக்கும் ஷூக்களில் எது யாருடையது என்று அவர்களுக்கே தெரியாது. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக்.

"இந்த வீட்டுல நடக்கிறவன் நான் ஒருத்தன்தான்," என்பார். "அதுவும் ஷூ தடுக்காம இருந்தா."

தொடர் ஓட்டத்தில் இரண்டாவது நூறு மீட்டர் அவளுடையது. மூன்றாவது, பம்பரத்துடையது. பேட்டன் எனும் குட்டைக் குழாயை அவள் கொண்டுபோய் பம்பரத்தின் கையில் வைக்க வேண்டும். ஆறு வருடமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

வாங்குகிறவள் தான் நிற்கும் கோட்டிலிருந்து பின்னோக்கி அடி மேல் அடி வைத்து அளந்து, தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டுவாள். வருகிறவள் அந்த டேப்பை மிதித்த கணத்தில் முன்னால் திரும்பி முழு வேகத்தில் கிளம்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னாலிருந்து "கை!" என்று குரல் வரும். கையைப் பின்னால் நீட்டினால் பேட்டன் அதில் இருக்க வேண்டும். எல்லாம் முப்பது மீட்டருக்குள். அது முடிகிற கோட்டைத் தாண்டிக் கைமாறினால் நான்கு பேருக்கும் ஆட்டம் முடிந்தது.

வருகிறவள் எவ்வளவு வேகமோ, டேப் அவ்வளவு தள்ளி இருக்கும். அவர்களுடைய டேப் இருபத்து நான்கு அடியில் இருந்தது. கோச்சிடம் பயிற்சி பெற்ற வேறு எந்த ஜோடிக்கும் அவ்வளவு தூரம் இருந்ததில்லை. அவள் அதை வெளியே சொல்லிக்கொண்டதில்லை. காதில் கிடக்கும் தோடு மாதிரி, அந்த எண் எப்போதும் அவளோடு இருந்தது.

இந்த வருடம் பயிற்சியில் மூன்று முறை தவறியது. அவள் "கை!" என்றாள். கை வந்தது. பேட்டன் எட்டவில்லை. ஒவ்வொரு முறையும் பம்பரம் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஸாரி அண்ணி. நான்தான் அவசரக்குடுக்கை. சீக்கிரம் கிளம்பிட்டேன்."

மூன்றாவது முறைக்குப் பிறகு கோச் அவளை மட்டும் எடை தூக்கும் அறைக்கு அழைத்தார். போனில் எடுத்த வீடியோவை மெதுவாக ஓடவிட்டார். அவள் கால் டேப்பில் பட்டது. அதே கணத்தில் பம்பரத்தின் தோள் திரும்பியது. மறுபடி ஓடவிட்டார். மறுபடியும் அதேதான்.

"அவ சரியாத்தான் கிளம்புறா," என்றார்.

"தெரியுது சார்."

"மூணு அடி குறைக்கணும். இருபத்தொண்ணு. அவகிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டேன். 'அண்ணி சொல்லட்டும் சார்'ங்கறா. நீ ஒரு வார்த்தை சொல்லிடும்மா. குறைச்சா குடியா முழுகிடப் போகுது?"

"சொல்றேன் சார்."

"உன் வேகம் இன்னும் போதும். நாலு பேர் நேரத்தையும் கூட்டிப் பார்த்துட்டேன். கைமாத்துறது பிசகலைன்னா போய்ச் சேர்ந்துடலாம்."

போய்ச் சேர வேண்டியது உலகப் போட்டிக்கு. நான்கு வருடத்துக்கு ஒருமுறை வருவது. அவள் இரண்டு முறை அதன் வாசல் வரை போய்த் திரும்பியவள். முதல் முறை தொடைத் தசை கிழிந்தது. இரண்டாவது முறை நொடியில் நூற்றில் ஒரு பங்கில் தவறியது. அது எவ்வளவு என்று கணவர் கேட்டபோது கண்ணை ஒருமுறை சிமிட்டினாள். "இதுல பத்துல ஒரு பங்கு," என்றாள்.

தகுதி பெற இனி ஒரே பந்தயம்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. அதுவும் போனால் அடுத்த முறை அவளுக்கு முப்பத்தாறு. பம்பரம் இதுவரை ஒருமுறைகூடப் போனதில்லை.

அன்று மாலை பம்பரம் சமையலறையில் பக்கெட் நிறைய ஐஸ் தண்ணீர் வைத்து, இரண்டு காலையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே அண்ணி வெங்காயம் நறுக்கினாள்.

"கோச் கூப்பிட்டாரே, என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. ஒழுங்கா தூங்குறியான்னு கேட்டார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பம்பரம் காலை அசைத்தாள். ஐஸ் கட்டிகள் பக்கெட்டில் மோதிக்கொண்டன.

"வேற எதுவும் சொல்லலையா அண்ணி?"

"வேற என்னடி சொல்வார்?"

கணவர் தண்ணீர் குடிக்க வந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"என்னாச்சு, ஏன் அழுறே?"

"வெங்காயம்," என்றார்கள் இருவரும் ஒன்றாக.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, பெரிய மைதானத்துக்குப் பக்கத்திலிருந்த பயிற்சித் தடத்தில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டார்கள். பம்பரம் கோட்டில் குதிகாலை வைத்து அளக்கத் தொடங்கினாள். ஒரு காலின் நுனியை மற்ற காலின் குதி தொட வேண்டும். வாய்விட்டு எண்ணுவது அவள் பழக்கம். அண்ணி பக்கத்திலேயே நடந்தாள்.

"பத்தொம்பது. இருபது. இருபத்தொண்ணு."

பம்பரம் நின்றாள். நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். கையில் மஞ்சள் டேப் சுருள். முனையை நகத்தால் பிரித்துத் தயாராக வைத்திருந்தாள்.

ஒரு வார்த்தைதான். போதும் என்று சொன்னால் போதும். வாய் வரை வந்துவிட்டது.

அவள் குனிந்து, நன்றாகக் கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

தலைக்கு மேலே குரல் மீண்டும் தொடங்கியது. "இருபத்திரண்டு. இருபத்திமூணு. இருபத்திநாலு." டேப் கிழிகிற சத்தம் கேட்டது.

"சரிதானே அண்ணி?"

"சரிதான்டி."

பெரிய மைதானத்தில் அவரவர் இடத்துக்குத் தனித்தனியாகப் போனார்கள். அங்கே பம்பரம் முதலிலிருந்து அளந்து, புதிதாக டேப் ஒட்ட வேண்டும். நூறு மீட்டர் தள்ளி நின்ற அவளுக்குக் குனிந்த ஒரு முதுகு மட்டும் தெரிந்தது.

துப்பாக்கி வெடித்தது. முதல் பெண் வளைவில் வந்தாள். பேட்டன் இவள் உள்ளங்கையில் அறைந்தாற்போல் வந்து விழுந்தது. ஓடினாள்.

அறுபது மீட்டர் வரை எல்லாம் பழையபடி இருந்தது. வலப்பக்கம் ஒருத்தியைத் தாண்டினாள். பிறகு யாரோ பாதையைச் சற்றே மேடாக்கினாற்போல் இருந்தது. தோள் இறுகியது. தோளைத் தளர்த்து என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். தோள் கேட்கவில்லை.

மஞ்சள் டேப் காலடியில் போனது. பம்பரம் திரும்பிக் கிளம்பினாள்.

இடையில் இரண்டு கை தூரம். ஒன்றரை ஆனது. ஒன்றேகால் ஆனது. அதற்கு மேல் குறையவில்லை.

அவளிடம் ஒரு வார்த்தைக்கு மூச்சு இருந்தது. "நில்லு" என்றால் பம்பரம் வேகத்தைக் குறைப்பாள். நேரம் கொஞ்சம் போகும். பேட்டன் போய்ச் சேரும்.

"கை!" என்று கத்தினாள்.

கை வந்தது. ஐந்து விரலும் விரிந்து, ஆடாமல், பின்னால் நீண்டு நின்றது. அவள் பேட்டனை நீட்டினாள். காற்று. மறுபடி நீட்டினாள். காற்று. கோடு நெருங்கியது. பம்பரத்தின் கால்கள் தடுமாறின. அப்போதும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை. பேட்டன் அந்தக் கையைத் தொட்டபோது இருவரும் கோட்டைத் தாண்டி இரண்டடி போயிருந்தார்கள்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி எழுந்து கொடியைத் தூக்கினார். பம்பரம் அதைப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தாள்.

பலகையில் ஏழு அணிகளுக்கு நேரம் வந்தது. எட்டாவது வரியில் எண் இல்லை.

அவள் முழங்காலில் கையூன்றி நின்றாள். மூன்று அடி, மூன்று அடி என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான்கு பேரும் போயிருப்பார்கள். அந்தச் சின்னப் பெண்ணின் வாயில் மண்ணைப் போட்டுவிட்டேன்.

"டேப்பை எடுத்துருங்கம்மா," என்றார் கொடிக்காரர். குரலில் கடுமை இல்லை. "அடுத்த ஓட்டத்துக்கு ஆளுங்க நிக்கிறாங்க."

பம்பரம் நின்ற கோட்டுக்கு நடந்தாள். நேராகப் போய் டேப்பை உரித்திருக்கலாம். ஆனால் குதிகால் தானாகவே கோட்டில் போய் நின்றது. அடி வைத்தாள். எண்ணினாள்.

பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது.

ஷூ நுனி மஞ்சளைத் தொட்டது.

திரும்பிப் போய் மறுபடி எண்ணினாள். பத்தொன்பது. ஒரே அளவு கால். கணக்கு தவற வழியில்லை.

"அம்மா, சீக்கிரம்," என்றார் கொடிக்காரர்.

குனிந்து உரித்தாள். டேப் விரலில் ஒட்டிக்கொண்டது. பம்பரம் சொல்லாமலே ஐந்து அடி குறைத்திருக்கிறாள். கோச் கேட்டதைவிட இரண்டு அடி அதிகம். அதற்கும் தன்னால் எட்ட முடியவில்லை.

கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் பம்பரம் நின்றாள். அந்தப் பக்கம் ஒரு நிருபர் மைக்கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"என் தப்புதாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தாள் பம்பரம். "அவசரப்பட்டுட்டேன். அண்ணி நல்லாத்தான் வந்தாங்க. நான்தான் சீக்கிரம்..."

அண்ணியின் விரலில் மஞ்சளைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"பத்தொம்பது," என்றாள் அவள்.

"எண்ணினீங்களா?"

"ரெண்டு தடவ."

பம்பரம் கீழே பார்த்தாள். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

"பதினேழு வைக்கலாம்னு பார்த்தேன் அண்ணி. டேப்பைக்கூட வச்சுட்டேன். அப்புறம் மனசு கேக்கல. எடுத்துட்டேன்."

"கோச் சொன்னார்டி. அன்னிக்கே சொன்னார். நான்தான் உன்கிட்ட சொல்லல."

"தெரியும் அண்ணி."

நிருபருக்கு ஒன்றும் புரியவில்லை. மைக்கை இவளிடம் திருப்பினார்.

"மேடம், தப்பு யார் பக்கம்?"

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ சீக்கிரம் கிளம்பல," என்றாள். "நான் வந்து சேரல. அவ்வளவுதான், எழுதிக்குங்க."

வீட்டுக்குப் போகும்போது வெளிச்சம் இருந்தது. கணவர் கதவைத் திறந்து வைத்திருந்தார். பந்தயத்தைப் பார்த்திருந்தார் போல. தங்கையின் பையை வாங்கிக்கொண்டு, அவள் தலையில் ஒருமுறை கை வைத்தார். பம்பரம் நேரே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கொட்டியது.

அவள் வாசல்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். அவர் குனிந்து வழியில் கிடந்த ஷூக்களை ஒதுக்கினார். ஏதாவது செய்ய வேண்டும் என்பதற்காக அவற்றை ஜோடி சேர்க்க ஆரம்பித்தார்.

"இதுல உன்னோடது எது?" என்றார்.

அவள் கழற்றிய ஜோடியை அவர் பக்கம் தள்ளினாள்.

"எல்லாம் அவளோடதுதான்," என்றாள்.