பித்தளைப் பிள்ளைகளின் வழக்கு

"உடம்பு பூரா பித்தளை. அது உங்க வீட்டுப் பிள்ளை, எங்க வரிசையில எதுக்குக் கொண்டுவந்து—"

"வாயில நாணல் ரீடு வச்சிருக்கு, எங்க வீடுங்கிறீங்களே. அப்படியே உங்க ஜாடை, நல்லாப் பாருங்க—"

நகராட்சி பேண்டின் கிளாரினெட் தலைவரும் டிரம்பெட் தலைவரும் இப்படி ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்துகொண்டிருந்தபோதே, மேசைமேல் கிடந்த சாக்ஸபோன் தன் மூன்றாவது பிள்ளையைப் பெற்றது. காலை பதினொன்றேகால். அகன்ற வாய் வழியாகக் கழுத்து முதலில் வந்தது. விரல் வைக்கும் சாவிகளை எண்ணிப் பார்த்ததில் ஒன்றும் குறையவில்லை. செயலாளர் அதைக் கூட்டக் குறிப்பில் 'இதர விஷயங்கள்' என்பதன் கீழ் எழுதிக்கொண்டார். எந்த வரிசையில் உட்காரவைப்பது என்பதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

அந்தத் தாய் சாக்ஸபோனைச் செய்தவரைக் குழாய்க்காரர் என்பார்கள். கிளாரினெட்டின் வாயை ஒரு பித்தளைக் கூம்பில் பொருத்தி, ஊதுகிறவனுக்கே தன் சத்தம் கேட்கட்டும் என்று அடிப்பகுதியை மேலே வளைத்துவிட்டார். முதலில் செய்தது ஆள் உயரம், எருமைக் குரல். பிறகு அது தானாகவே ஆண்டுக்கு ஒன்றாகப் பெறத் தொடங்கியது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சின்னது, குரலும் மெல்லியது. ஒன்று விட்டு ஒன்று ஒரே சுருதி. ஐந்தாவது, கைக்குழந்தையைப் போல மடியில் அடங்கியது; அதோடு பெறுவது நின்றது. குழாய்க்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஆசைதான்: காப்புரிமைப் பதிவேட்டில் 'செய்தவர்' என்ற கட்டத்தில் தன் பெயர் ஏற வேண்டும். மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் போட்டிருந்தார்.

"செஞ்சேன் செஞ்சேன்னு சொல்றீங்க, ஒண்ணுதானே செஞ்சீங்க? மீதி அஞ்சும் தானா வந்ததுதானே?" என்றாள் மனைவி.

"மெதுவாப் பேசு. எந்த வக்கீல் காதுலயாவது விழுந்து தொலைக்கப்போகுது."

ஊரின் மற்ற வாத்தியப் பட்டறைக்காரர்கள் சங்கம் கூடி இரண்டு வழக்குப் போட்டார்கள். அப்படி ஒரு வாத்தியமே உலகத்தில் கிடையாது என்பது முதல் வழக்கு. அதை நாங்கள் மூன்று தலைமுறையாகச் செய்துவருகிறோம் என்பது இரண்டாவது. இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர் ஒரே வக்கீல். நீதிபதி முறை தவறாதவர்; முதலாவதைத் திங்கட்கிழமையும் இரண்டாவதை வியாழக்கிழமையும் விசாரித்தார். நீதிமன்றத்துக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்து, சாக்ஸபோன் திங்கட்கிழமைகளில் யார் கண்ணுக்கும் தெரியாமல் இருந்தது. காவலர் காலி மேசையைத் துடைத்துவிட்டுப் போவார். இப்படியே ஐந்து வருஷம் ஓடியது. மூன்று குமாஸ்தாக்கள் ஓய்வுபெற்றார்கள்.

கடைசி வியாழக்கிழமையன்று சங்கத்தார், தங்கள் பட்டறையில் செய்தது என்று சொல்லி ஒரு சின்ன சாக்ஸபோனைக் கொண்டுவந்தார்கள். குழாய்க்காரரின் ஐந்தாவதுதான் அது. ஆள் வைத்து இரவல் வாங்கி, அவர் பெயரை அரத்தால் தேய்த்து, சங்கத்தின் பெயரைப் பொறித்திருந்தார்கள். தேய்த்தவன் கெட்டிக்காரன், தடயமே இல்லை. ஆனால் அது பிள்ளை என்பதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். சங்கத்து ஆள் ஊதியதும் அது வீறிட்டு அழுதது. சாட்சிப் பொருள் மேசைமேல் கிடந்த பெரியது, யாரும் தொடாமலே, அடித்தொண்டையில் 'ம்ம், ம்ம்' என்று சமாதானம் சொன்னது. சின்னது விக்கி விக்கி அடங்கியது. மன்றத்தில் இருந்த பெண்கள் சிலர் தங்களை அறியாமல் முழங்காலை ஆட்டினார்கள்.

வென்றுவிட்டோம் என்று குழாய்க்காரர் எழுந்தே நின்றுவிட்டார். நீதிபதி தீர்ப்பை வாசித்தார். இவை இவருடைய குடும்பம் என்பது ஐயமின்றி நிரூபணமாகிறது. ஆகவே இவை பிறந்தவை. செய்ததற்குத்தான் காப்புரிமை, பிறந்ததற்குப் பிறப்புச் சான்றிதழ். பெரியதைச் செய்திருக்கலாம், ஆனால் தாயான ஒன்றை இனிமேல் பொருள் என்று சொல்ல இந்த நீதிமன்றத்துக்கு வாய் வரவில்லை. அன்று மாலையே ஊரிலுள்ள எல்லாப் பட்டறைகளும் சாக்ஸபோன் செய்யத் தொடங்கின, முதல் வழக்குப் போட்ட சங்கத் தலைவரின் பட்டறை உட்பட.

மறுநாள் குழாய்க்காரரும் மனைவியும் ஐந்து வாத்திய உறைகளைத் தூக்கிக்கொண்டு பிறப்புப் பதிவு அலுவலகத்தில் வரிசையில் நின்றார்கள். எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எடையைக் கேட்டார், பிறந்த நேரம் கேட்டார். தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் குழாய்க்காரரின் பெயரை அழகாக, ஒரு எழுத்தும் பிசகாமல் ஐந்து முறை எழுதினார். குழாய்க்காரருக்குக் கண் கலங்கியது. எழுத்தர் பேனாவை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தி, தாய் பெயர் என்ன என்று கேட்டார். குழாய்க்காரர் மின்விசிறியைப் பார்த்தார். மனைவி கையிலிருந்த உறையைக் கீழே வைத்தாள்.

"சொல்லுங்களேன். அவரு எவ்வளவு நேரம் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு?"